ஏரிக்கரையில் இரண்டாம் ஆட்டம்

வேற்றுக் கிரகத்தார் பூலோகத்துக்கு வந்து, சங்கீதம் வல்ல ஒரு பெண்ணைத் தங்கள் உலகத்துக்குக் கொண்டுபோகும் கதையைச் சொன்ன 'கலை அரசி', எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடிக்க, ஏ. காசிலிங்கத்தின் இயக்கத்தில் வெளிவந்தது 1963-ஆம் ஆண்டு. அதே ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதிதான் கேரளத்து மீனவக் கிராமமாகிய தும்பாவிலிருந்து, இந்திய மண்ணிலிருந்து ஏவப்பட்ட முதல் விண்வெளி ஆய்வு ராக்கெட் ஆகாயத்தில் ஏறிற்று. விஞ்ஞானக் கற்பனையும் விண்வெளி விஞ்ஞானமும் நம் நாட்டில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் ஜனங்களின் கண்ணுக்கு வந்தன என்பதைச் சரித்திரம் எழுதுவோர் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

அத்தகைய படங்களைச் சிற்றூர்களுக்குக் கொண்டு சேர்த்தது கூடாரச் சினிமா. திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகப் பிரயாணம் செய்து காட்டத் தொடங்கிய தொழில், பின்னர் டூரிங் டாக்கீஸாக வளர்ந்து சிற்றூர்களுக்கெல்லாம் பரவியது. பட்டணத்தில் ஓடித் தேய்ந்த படப்பெட்டி பல மாதம் கழித்தே அங்கு வந்து சேரும். கூடாரத்துக்கு இருட்டு வேண்டுமாகையால் மாலையும் இரவுமாக இரண்டே ஆட்டம். கருவி ஒன்றே ஆகையால் சுருள் மாற்றும்போதெல்லாம் ஓர் இடைவேளை. தரை டிக்கெட்டு வாங்கியவர்கள் முன்னால் இருப்பவரின் தலை மறைக்காதபடி மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்ந்து, நேற்றுப் பார்த்த படத்தையே இன்றும் பார்ப்பார்கள். கதை தெரிந்துவிட்டபின் பார்ப்பதே அவர்களுக்கு நிறைவான ரசனையாக இருந்தது. தெருக்கூத்தில் முடிவு தெரிந்த பாரதக் கதையை விடிய விடியக் கண்டு பழகிய ஜனங்களுக்கு இது இயல்புதானே!

பழவேற்காட்டு ஏரியின் குப்பங்களுக்கோ, படத்தைவிடப் பெரிய காட்சி ஒன்று ஆகாயத்திலேயே வாய்த்தது. எந்தக் குழு எந்நாளில் எவ்விடத்தில் வலையிடலாம் என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' வழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய ஊரார்க்கு, ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா 1971-இல் ஏவுதளமானது முதல், வடதிசை வானமே வெண்திரை ஆயிற்று. 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்ததும், 1980 ஜூலை 18-ஆம் தேதி அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்ததும் இப்பிரதேசத்தின் சரித்திரமே. இன்றும் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாதென்று அவர்களுக்கு உத்தரவு வரும். கரையில் நின்று பார்த்தால் நெருப்பு முன்னே ஏற, முழக்கம் வெகுநேரம் பிந்தி வந்து சேரும்.

ராக்கெட் ஏறும் இதே வானமும் ஏரியும் பறவைகளுக்கும் உரியவை. ஆகையால், 2010-இல் வந்த 'எந்திரன்' படத்தின் தொடர்ச்சியாக 2018 நவம்பர் 29-ஆம் தேதி வெளியான ஷங்கரின் '2.0' படத்தை இந்த ஏரியை நினைத்துக்கொண்டே மறுமுறை பார்க்க வேண்டுமென்பது என் அபிப்பிராயம். முதல் முறை சிட்டி என்னும் எந்திர மனிதனின் யுத்தமே கண்ணை நிறைத்துவிடும். மறுமுறையோ, பறவைகளுக்காக நியாயம் கேட்டு அலைந்து, ஒருவரும் செவிசாய்க்காமையால் கைபேசிக் கோபுரத்திலேயே உயிரை மாய்த்துக்கொள்ளும் முதியவர் பட்சிராஜன்தான் மனத்தில் நிற்கிறார். கைபேசி அலைகளே பறவைகளைக் கொல்கின்றன என்ற படத்தின் வாதத்தை விஞ்ஞானம் நிரூபித்துவிடவில்லை. ஆனால் அந்த முதியவரின் துக்கம் மெய்யானது. பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்து, நீரோட்டம் குன்றி, மீனும் இறாலும் அருகுமானால், பூநாரைக்கும் கூழைக்கடாவுக்கும் இரை ஏது, வலைஞனுக்கு வாழ்வு ஏது? இந்தத் துக்கத்தின் அளவைச் சிறு கைபேசித் திரை காட்டாது, பெருந்திரைதான் காட்டும்.

பூநாரைகள் வந்திறங்கும் குளிர்காலத்தில், ஏதேனும் ஒரு குப்பத்து மணல்வெளியில் பழைய முறைப்படி திரை கட்டி, '2.0' படத்தை அந்த மக்களுக்குக் கட்டணமின்றித் திரையிட வேண்டும். படத்தின் உரிமை உடையோரும் சினிமாச் சங்கங்களும் இதற்கு மனம் வைக்க வேண்டுகிறேன்.