பாட்டை மறவாத செவி

வள்ளுவர் கேள்விக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். தொல்காப்பியரோ உயிர்களை அறிவின் படியாக நிரைப்படுத்தியபோது செவியறிவை ஐந்தாம் படியில் வைத்தார். இத்துணைச் சிறப்புடைய செவி, ஒருமுறை பழுதுற்றால் மீளாது என்பதே விஞ்ஞானிகளின் நெடுங்கால முடிபாயிருந்தது. அம்முடிபை அசைத்தவை பறவைகள்.

உட்செவியின் நுண்ணுறுப்பை 1851இல் விவரித்தவர் இத்தாலியரான அல்ஃபோன்சோ கோர்ட்டி. அங்குள்ள மயிர்க்கலங்களே ஒலியதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுகின்றன. மனிதனின் ஒரு செவியில் இவை ஏறத்தாழ 15,000. பேரொலி இவற்றை மாய்த்துவிடும். மாய்ந்தவை நமக்கு மீண்டும் முளைப்பதில்லை.

1987இல் டக்ளஸ் கொட்டான்ச் என்ற அமெரிக்க ஆய்வாளர், பேரொலியால் செவி சிதைந்த கோழிக்குஞ்சுகளைச் சில நாள் கழித்து ஆராய்ந்தார். சிதைந்த இடத்தில் புதிய மயிர்க்கலங்கள் தோன்றியிருந்தன! மறுவருடம் 'சயன்ஸ்' இதழில் இரு கட்டுரைகள் வெளியாயின. கொர்வினும் கொட்டான்சும் கோழிக்குஞ்சிலும், ரையல்சும் ரூபெலும் முதிர்ந்த காடையிலும் இவ்வுண்மையை நிறுவினர். மயிர்க்கலம் இறந்ததும் அருகிலுள்ள தாங்கு கலம் இரண்டாகப் பிரிகிறது. பிறந்தவற்றுள் ஒன்று மயிர்க்கலமாகிறது. சிலவேளை தாங்கு கலம் பிரியாமலே அவ்வாறு உருமாறுவதும் உண்டு.

கலம் வளர்ந்தாற் போதுமா? கேட்டதன் பொருள் திரும்புமா? இதற்கு 2002இல் வூலியும் ரூபெலும் விடை கண்டனர். அவர்கள் எடுத்தது பெங்காலி ஃபிஞ்ச் எனும் வளர்ப்புக் குருவி. நம் நெல்வயல்களில் கூட்டமாய் இறங்கும் சில்லைக்கு அது நெருங்கிய உறவு. தன் குரலைத் தானே கேட்டுத்தான் அது பாட்டைச் செம்மையாக வைத்திருக்கிறது. மருந்தாலும் பேரொலியாலும் மயிர்க்கலங்கள் அழிந்தபோது பாட்டு குலைந்தது. சில வாரங்களில் கலங்கள் முளைத்தபின் பழைய பாட்டே திரும்பியது! செவி இழந்த நாட்களிலும் மூளை அப்பாட்டை மறக்கவில்லை.

பாலூட்டிகளின் தாங்கு கலங்கள் பிறந்தபின் விரைவிலேயே இவ்வாற்றலை இழக்கின்றன. அதை மீண்டும் எழுப்பும் வழியை ஆய்வாளர் தேடுகின்றனர். நிலைநாட்டப்பட்ட மருந்து இன்னும் இல்லை.

நேயர்களே, 85 டெசிபெலுக்கு மேற்பட்ட சத்தத்தில் நாளுக்கு எட்டு மணிநேரம் உழைப்பது செவிக்குக் கேடு. கம்பளையைச் சூழ்ந்த மலைகளில் தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களின் நடுவே நிற்கும் தொழிலாளிக்குக் காதடைப்பான் கொடுப்பது சலுகையன்று, கடமை. காதில் ஒலிகருவி செருகித் திரியும் நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். சில்லைக்கு இரண்டாம் செவி வாய்க்கிறது. நமக்கு உள்ளது ஒன்றே.