லாகின் பக்கம்: யார் எழுதியது, யார் பொறுப்பு

கடவுச்சொல்லை எப்படிச் சேமித்து வைக்க வேண்டும் என்ற கேள்விக்கான விடை 1979ஆம் ஆண்டே அச்சில் வந்துவிட்டது. ஆனால் 2009 டிசம்பரில் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்தின் தரவுத்தளம் களவுபோனபோது, அதிலிருந்த 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்களும் எந்த மறைப்பும் இல்லாமல், பயனர்கள் தட்டச்சு செய்தபடியே கிடந்தன. தெரிந்த விடைக்கும் இந்த நிலைக்கும் நடுவே முப்பது ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. நிரலாளர்களின் அலட்சியம், அறியாமை என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் லாகினின் அறுபது ஆண்டு வரலாற்றை வரிசையாகப் பார்த்தால் அந்த விளக்கம் போதாது என்று படுகிறது. ஒவ்வொரு செயலியும் தன் லாகினைத் தானே எழுதிக்கொண்ட காலமெல்லாம் பாதுகாப்பு சரிந்தது. அந்தப் பொறுப்பைப் பலரும் பகிரும் பொது நிரல் ஏற்றுக்கொண்டபோதெல்லாம் அது உயர்ந்தது. தனிமனிதரின் அறிவைவிட, முடிவு எந்த இடத்தில் எடுக்கப்படுகிறது என்பதே இங்கே விளைவைத் தீர்மானித்திருக்கிறது.

கணினிக் கடவுச்சொல்லின் தொடக்கத்தை எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ தலைமையில் உருவான சிடிஎஸ்எஸ் அமைப்பில் காண்கிறோம். 1961இல் முதன்முதலாக இயக்கிக் காட்டப்பட்ட அந்த அமைப்பு, ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த வழிசெய்தது. ஒருவரின் கோப்பை இன்னொருவர் தொடாமலிருக்க, ஆளுக்கொரு கடவுச்சொல் தேவைப்பட்டது. எல்லாக் கடவுச்சொற்களும் ஒரே கோப்பில் வெளிப்படையாக இருந்தன. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாததால், அந்தக் கோப்பை அச்சிடச் சொல்லி ஒரு துளை அட்டையைக் கொடுத்தார். அச்சுப்படி கைக்கு வந்துவிட்டது. பின்னர் அதே அமைப்பில் இன்னொன்றும் நடந்தது. ஒரு நிர்வாகி கடவுச்சொல் கோப்பையும், இன்னொரு நிர்வாகி அன்றாட அறிவிப்பையும் ஒரே நேரத்தில் திருத்திக்கொண்டிருந்தார்கள். திருத்தும் நிரல் இரண்டுக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உருவாக்கியதால் உள்ளடக்கம் இடம்மாறியது. அதன்பிறகு உள்ளே நுழைந்தவர்களின் முனையங்களில் அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் அச்சாகின. ஷெர் செய்தது திட்டமிட்ட வேலை; இரண்டாவது வெறும் விபத்து. கோப்பை எவ்வளவு பூட்டினாலும் என்றாவது வெளியே போகும், ஆகவே போனாலும் பயன்படாத வடிவில் அதை வைத்திருக்க வேண்டும் என்பதை இரண்டுமே காட்டின.

அந்த வடிவத்தை அறுபதுகளிலேயே கேம்பிரிட்ஜின் டைட்டன் கணினியில் ரோஜர் நீட்ஹாம் கண்டடைந்தார். கடவுச்சொல்லைச் சேமிக்காமல், திரும்பப் பெற முடியாத ஒருவழிச் சார்பின் விளைவை (இன்று ‘ஹாஷ்’ எனப்படுவது) மட்டும் சேமிப்பதுதான் அவர் யோசனை. மாரிஸ் வில்க்ஸ் 1968இல் தன் நூலில் அதைப் பதிவு செய்தார். யூனிக்ஸை உருவாக்கியவர்கள் அதை மேலும் கூர்மையாக்கினர். ராபர்ட் மாரிஸும் கென் தாம்ஸனும் 1979இல் வெளியிட்ட கட்டுரை இன்று படித்தாலும் வியக்க வைக்கிறது. அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 86 சதவீதம் எளிதில் ஊகிக்கக்கூடியவை. ஒரே ஓர் எழுத்தை மட்டும் கடவுச்சொல்லாக வைத்திருந்தவர்களே 15 பேர். மனிதர்களைத் திருத்துவது கடினம் என்று கண்டபின் அவர்கள் ஊகிப்பவரின் வேகத்தைக் குறைக்க முனைந்தார்கள். ராணுவத்தின் எம்-209 குறியீட்டு இயந்திரத்தைப் பின்பற்றிய முந்தைய நிரலின் குறையே அது மிக வேகமாக ஓடியதுதான். எனவே டிஇஎஸ் மறைகுறியீட்டை 25 முறை அடுத்தடுத்து ஓட்டினார்கள். ஒரே கடவுச்சொல்லை இருவர் வைத்திருந்தாலும் சேமிப்பில் வேறு வேறாகத் தெரிய, 4,096 வகைகளில் ஒன்றான ‘சால்ட்’ எண்ணைச் சேர்த்தார்கள். வேண்டுமென்றே மந்தமாக்குதல், ஆளுக்கொரு சால்ட் என்ற இந்த இரண்டும்தான் இன்றுவரை அடிப்படை. இதில் பலர் கவனிக்காமல் விடும் விஷயம், யூனிக்ஸில் லாகின் நிரல் ஒன்றுதான் இருந்தது என்பது. அந்தக் கணினியில் ஆயிரம் நிரல்கள் எழுதப்பட்டாலும், எழுதியவர் யாரும் கடவுச்சொல்லை எப்படி வைப்பது என்று யோசிக்க வேண்டியதில்லை.

வலை இந்த ஏற்பாட்டைக் கலைத்துவிட்டது. எச்டிடிபி நெறிமுறைக்கு நினைவாற்றல் கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையையும் முன்பின் அறியாதவருடையதாகவே அது நடத்தும். 1994இல் நெட்ஸ்கேப்பின் லூ மாண்டூலி குக்கீயைக் கொண்டுவந்த பிறகு, தளம் தன் பயனரை நினைவில் வைத்துக்கொள்வது எளிதாயிற்று. உலாவியிலேயே கடவுச்சொல் கேட்கும் ‘பேசிக்’ முறை ஒன்று இருந்தது. ஆனால் அந்தச் சாம்பல்நிறப் பெட்டியை வணிகத் தளங்கள் விரும்பவில்லை. அதிலிருந்து முறையாக வெளியேறவும் வழி இல்லை. ஆகவே ஒவ்வொரு தளமும் தனக்கென்று ஒரு படிவம், ஒரு பயனர் அட்டவணை, ஒரு குக்கீ என்று தயாரித்துக்கொண்டது. யூனிக்ஸில் ஒரே இடத்தில் எடுக்கப்பட்ட முடிவை லட்சக்கணக்கானவர்கள் தனித்தனியே, பெரும்பாலும் அவசரத்தில் எடுக்க வேண்டியதாயிற்று. சிலர் அப்படியே சேமித்தார்கள். சிலர் எம்டி5 என்ற ஹாஷ் முறையைப் போட்டுத் திருப்தி அடைந்தார்கள். 2012இல் லிங்க்ட்இன்னிலிருந்து வெளியான 65 லட்சம் ஹாஷ்களில் சால்ட் இல்லை, மந்தமாக்குதலும் இல்லை. அதாவது மாரிஸும் தாம்ஸனும் சொன்ன இரண்டுமே இல்லை. திறமையான பொறியாளர்கள் நிறைந்த நிறுவனத்திலேயே இப்படி நடந்தது என்பதால்தான் அறியாமை என்ற விளக்கத்தை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை.

அந்த முடிவைத் திரும்பவும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தவை ஃபிரேம்வொர்க்குகள், அதாவது பல தளங்களும் பகிரும் அடித்தள நிரல்கள். அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் நாளிதழ் அலுவலகத்தில் ஏட்ரியன் ஹொலவாட்டியும் சைமன் வில்லிசனும் தொடங்கிய ஜாங்கோ என்ற ஃபிரேம்வொர்க், 2005 ஜூலையில் பொதுவெளிக்கு வந்தது. செய்தியாளர்கள் உள்ளே நுழைந்து செய்தியை ஏற்றுவதற்கான நிர்வாகப் பக்கம் அதில் இருந்ததால், பயனர் கணக்கும் லாகினும் ஃபிரேம்வொர்க்கின் உள்ளேயே அமைந்தன. முதலில் அதுவும் சால்ட் இல்லாத எம்டி5தான். ஆனால் தவறு ஒரே இடத்தில் இருந்ததால் திருத்தமும் ஒரே இடத்தில் முடிந்தது. பயனர் அடுத்தமுறை சரியான கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே வரும் கணத்தில், பழைய ஹாஷை எடுத்துவிட்டுப் புதிய வடிவில் எழுதிவிடும்படி செய்தார்கள். இன்று ஜாங்கோவின் தரவுத்தளத்தில் ஒரு கடவுச்சொல்லின் வரிசையைத் திறந்து பார்த்தால், டாலர் குறிகளால் பிரிக்கப்பட்ட நான்கு துண்டுகள் தெரியும்: வழிமுறையின் பெயர், எத்தனை சுற்று, சால்ட், ஹாஷ். தன்னை எப்படிச் சரிபார்ப்பது என்பதைத் தானே சுமக்கும் வரிசை அது. அதனால்தான் கோடிக்கணக்கானவர்களை ‘கடவுச்சொல்லை மாற்றுங்கள்’ என்று தொந்தரவு செய்யாமல் தரத்தை உயர்த்த முடிகிறது. 2012இல் 1.4 பதிப்பு பிபிகேடிஎஃப்2 என்ற மந்தமான ஹாஷ் முறைக்கு மாறியபோது சுற்றுகள் 10,000. 2023இல் 4.2 பதிப்பில் அது 6,00,000 ஆகிவிட்டது. கணினிகளின் வேகம் கூடக் கூட, யாரோ ஒருவர் இந்த எண்ணை உயர்த்திக்கொண்டே போக வேண்டும். தனித்தளம் எழுதியவர் பத்தாண்டு கழித்து அந்த வரியைத் தேடிப்போய்த் திருத்துவார் என்று எதிர்பார்க்க முடியுமா? இன்னொரு நுணுக்கமும் உண்டு. இல்லாத பயனர்பெயரைக் கொடுத்தாலும் ஜாங்கோ ஒருமுறை ஹாஷ் கணக்கை ஓட்டிப் பார்க்கிறது. ஓட்டாவிட்டால் பதில் சட்டென்று வந்துவிடும். அந்த வேகத்தை வைத்தே எந்தப் பெயர்கள் பதிவில் உள்ளன என்று ஒருவர் கண்டுபிடித்துவிடலாம். முதல்முறை லாகின் எழுதும் யாருக்கும் இது தோன்றாது.

எல்லோரும் ஒரே நிரலைச் சார்ந்திருந்தால் ஒரே ஓட்டையில் எல்லோரும் விழுவார்கள் என்பது வலுவான மறுப்பு. 2013 செப்டம்பரில் ஜாங்கோவில் அது நடந்தது. மந்தமான ஹாஷுக்கு ஒரு மெகாபைட் நீளமுள்ள போலிக் கடவுச்சொல்லை அனுப்பினால் சர்வர் ஏறக்குறைய ஒரு நிமிடம் அதிலேயே மாட்டிக்கொள்ளும். சில கோரிக்கைகளிலேயே தளத்தை முடக்கிவிடலாம். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடே தாக்குதலுக்கு வழியாயிற்று. ஆனால் அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். உடனே 4,096 பைட் வரம்பு வைத்து ஒரு பதிப்பு வந்தது. சில வாரங்களில், ஒவ்வொரு சுற்றிலும் நீண்ட கடவுச்சொல்லை மறுபடி ஹாஷ் செய்யாதபடி கணக்கையே சீர்செய்து வரம்பை நீக்கினார்கள். தானாக எழுதிய லாகினிலும் இதே ஓட்டை இருந்திருக்கலாம். அதற்கு யாரும் திருத்தம் வெளியிட்டிருக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு செயலியின் தேவையும் வேறு, ஆகவே லாகினை ஃபிரேம்வொர்க்குக்குள் திணிக்கக் கூடாது என்பது இன்னொரு மறுப்பு; ரெயில்ஸ் என்ற மற்றொரு ஃபிரேம்வொர்க் நெடுங்காலம் நடந்துவந்த வழியும் அதுதான். இந்த மறுப்பில் நியாயம் அதிகம். ஜாங்கோவில் பயனர்பெயர் 30 எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்றிருந்ததால், மின்னஞ்சலையே பெயராக வைக்க நினைத்தவர்கள் பல ஆண்டுகள் அவதிப்பட்டார்கள், 2013இல் 1.5 பதிப்பு வந்த பிறகே பயனர் அமைப்பை முறைப்படி மாற்றிக்கொள்ள முடிந்தது. ரெயில்ஸ்காரர்கள் அந்த இறுக்கத்திலிருந்து தப்பினார்கள். ஆனால் அவர்களும் பொது நிரல் இல்லாமல் வாழவில்லை. 2009இல் வந்த டிவைஸ் நூலகம் பல ரெயில்ஸ் திட்டங்களில் புகுந்தது. 2011இல் கடவுச்சொல்லை பிக்ரிப்ட் கொண்டு ஹாஷ் செய்யும் வசதி ரெயில்ஸுக்குள்ளேயே வந்தது. 2024 நவம்பரில் வெளியான ரெயில்ஸ் 8, லாகினுக்கான அடிப்படை நிரலைத் தானே உருவாக்கித் தருகிறது. எது பொதுவாக இருக்க வேண்டும், எது அவரவர் விருப்பம் என்ற எல்லையை இந்த இரு முகாம்களும் எதிரெதிர் திசைகளிலிருந்து நடந்து ஏறக்குறைய ஒரே இடத்தில் கண்டிருக்கின்றன. பெயர், மின்னஞ்சல், படிவத்தின் தோற்றம் எல்லாம் அவரவருக்கு. ஹாஷ், சால்ட், உள்ளே வந்ததும் செஷன் அடையாளத்தை மாற்றுவது ஆகியவை பொது நிரலுக்கு.

கடவுச்சொல்லே போகப்போகிறது, இனி இந்தக் கவலை எதற்கு என்றும் கேட்கலாம். 2019 மார்ச்சில் டபிள்யூ3சி அமைப்பு, கடவுச்சொல் இல்லாமல் உள்ளே நுழைய வழிசெய்யும் வெப்ஆதென் தரத்தை ஏற்றது. இன்று பாஸ்கீ என்று தொலைபேசிகளில் நாம் பார்ப்பது அதன்மேல் கட்டப்பட்டது. சர்வரில் ரகசியம் எதுவும் தங்காது என்பது அதன் பெரிய பலம். ஷெர் அச்சிட்டது போன்ற பட்டியலே அதில் இல்லை. ஆனால் சவாலை உருவாக்குவது, கையொப்பத்தைச் சரிபார்ப்பது, எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று பார்ப்பது, தொலைபேசி தொலைந்தவரைத் திரும்ப உள்ளே விடுவது என்று அதன் வேலைகள் ஹாஷைவிடப் பல மடங்கு சிக்கலானவை. தொலைபேசி தொலைந்தவருக்கு மின்னஞ்சலில் ஓர் இணைப்பை அனுப்பிவிட்டால், மொத்தப் பாதுகாப்பும் அந்த மின்னஞ்சலின் தரத்துக்கு இறங்கிவிடும். ஜாங்கோவின் மையத்தில் பாஸ்கீக்கு இன்னும் இடமில்லை; வெளி நூலகங்களைத் தேர்ந்து பொருத்துவது அந்தந்த நிரலாளரின் பாடாகவே இருக்கிறது. மீட்பு வழியைப் பொறுத்தவரை பெரும்பாலான ஃபிரேம்வொர்க்குகள், கடவுச்சொல்லில் வலை 2005க்கு முன் இருந்த அதே இடத்தில்தான் நிற்கின்றன.