விருந்தினருக்கும் வரியில்லை

பலெர்மோவில் வீட்டிலேயே பியர் காய்ச்சலாம் என்று முடிவெடுத்ததும் நான் முதலில் தேடியது செய்முறையை அல்ல, சட்டத்தை. தமிழ்நாட்டில் வளர்ந்தவனின் பழக்கம். 1995இன் 504ஆம் எண் இத்தாலியச் சட்ட ஆணை, பிரிவு 34: தனிநபர் காய்ச்சும் பியரை அவரும் குடும்பத்தினரும் விருந்தினரும் அருந்தினால் வரி கிடையாது, விற்கக் கூடாது, அவ்வளவுதான். வரிச் சட்டத்தில் விருந்தாளியைக் கண்டது எனக்கு இதுவே முதல் முறை. பிரிட்டனில் இதற்கான உரிமம் 1963இல்தான் ஒழிந்தது. அமெரிக்காவில் 1978இல் கார்ட்டர் கையெழுத்திட்டார்.

நம் வரலாறு எதிர்த்திசையில் நடந்தது. 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. 2003 முதல் கடை வைத்து பியர் விற்பதோ அரசின் டாஸ்மாக்.

இத்தனைக்கும் கள் யாரும் காய்ச்சாத பானம். பியருக்கு பார்லியை முளைகட்டி உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்து இனிப்பை இறக்கி, ஹாப்ஸோடு கொதிக்கவிட்டு, ஆறியபின் ஈஸ்டும் தூவ வேண்டும். (தொடங்குபவர்களுக்கு டப்பாவில் மால்ட் சாறு கிடைக்கிறது, நானும் அதில்தான் தொடங்கினேன்.) பனஞ்சாறோ கலயத்தில் விழும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் வேலை: உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர். இங்குள்ள யாழ்ப்பாணத்து நண்பர்கள் கருப்பநீர் என்பார்கள்.

ஏல் ஈஸ்டு 20 டிகிரியை ஒட்டித்தான் ஒழுங்காக வேலை செய்யும். பலெர்மோவின் ஆகஸ்ட் கள்ளுக்கு ஆகும், பியருக்கு ஆகாது. நான் வாளியை எடுப்பது நவம்பரில்.