யூட்டா பள்ளத்தாக்கு உருக்காலை மூடல் (1986–1987)

யூட்டா பள்ளத்தாக்கு உருக்காலை மூடல் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் புரோவோ, ஓரெம் ஆகிய நகரங்களுக்கு அருகே இயங்கிவந்த ஜெனீவா உருக்காலை, 1986 ஆகஸ்ட் முதல் 1987 செப்டம்பர் வரை ஏறத்தாழ 13 மாதங்கள் இயங்காதிருந்த நிகழ்வைக் குறிக்கும். தொழில் தகராறு ஒன்றின் விளைவாக நேர்ந்த இம்மூடல், மனிதச் செயற்பாடு ஒன்று நின்றுபோகும்போது வளி மாசின் அளவும் மக்களின் உடல்நலமும் எவ்வாறு மாறுகின்றன என்பதை அறிய உதவிய இயற்கைப் பரிசோதனையாகக் கருதப்படுகின்றது. எவரும் திட்டமிட்டு நடத்தாத பரிசோதனை இது என்பதே இதன் சிறப்பாகும்.

பின்னணி

யூட்டா பள்ளத்தாக்கின் கிழக்கே வசாட்ச் மலைத்தொடரும் மேற்கே யூட்டா ஏரியும் அமைந்துள்ளன. குளிர்காலத்தில் இங்கு வெப்பநிலைத் தலைகீழாக்கம் அடிக்கடி ஏற்படும். வழக்கமாக உயரம் கூடக்கூட வளியின் வெப்பநிலை குறையும். தலைகீழாக்கத்தின்போது குளிர்ந்த வளி தரைமட்டத்திலும், அதைவிட வெப்பமான வளி அதற்கு மேலும் அமைந்துவிடுகின்றன. மேலேயுள்ள வெப்ப வளி பாத்திரத்தை மூடிய தட்டைப் போலச் செயற்படுவதால், பள்ளத்தாக்கில் வெளியாகும் புகை பல நாட்களுக்கு வெளியேற வழியின்றித் தேங்கி நிற்கும்.

ஏரிக்கரையில் இருந்த ஜெனீவா உருக்காலை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க அரசால் கட்டப்பட்டது. கடற்கரையிலிருந்து தொலைவில் இருந்தமை போர்க்காலத்தில் பாதுகாப்பாகக் கருதப்பட்டது. போருக்குப்பின் யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் நிறுவனம் இதனை வாங்கியது. கற்கரி உலைகள், ஊதுலைகள், பழைய முறையிலான திறந்த உலைகள் ஆகியவற்றைக் கொண்டிருந்த இவ்வாலையே பள்ளத்தாக்கின் நுண்துகள் மாசுக்கு முதன்மை மூலமாக இருந்தது. அதேவேளை அவ்வட்டாரத்தின் முக்கியமான வேலை வாய்ப்பும் இதுவே. ஆகவே ஆலையின் புகை பற்றிய பேச்சு எப்போதும் ஊதியம் பற்றிய பேச்சாகவும் மாறியது.

மூடலும் மறுதிறப்பும்

1986 ஆகஸ்ட் மாதத்தில் நிறுவனத்திற்கும் தொழிற்சங்கத்திற்கும் இடையிலான ஒப்பந்தம் காலாவதியானபோது, நாடெங்கும் அந்நிறுவனத்தின் ஆலைகள் நின்றன. நிறுவனம் இதனை வேலைநிறுத்தம் என்றது. தொழிற்சங்கம் கதவடைப்பு என்றது. 1987 தொடக்கத்தில் தகராறு தீர்ந்த பின்னரும் ஜெனீவா ஆலை திறக்கப்படவில்லை. பின்னர் உள்ளூர் முதலீட்டாளர்கள் அதனை வாங்கி 1987 செப்டம்பரில் மீண்டும் இயக்கினர்.

1985 ஏப்ரல் முதலே இப்பகுதியில் பி.எம். 10 எனப்படும், 10 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான விட்டமுடைய துகள்களின் அளவு பதிவு செய்யப்பட்டு வந்தது. இதனால் ஆலை இயங்கிய குளிர்காலம், இயங்காத குளிர்காலம், மீண்டும் இயங்கிய குளிர்காலம் ஆகிய மூன்றையும் ஒப்பிட முடிந்தது.

போப்பின் ஆய்வு

பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் பொருளியலாளர் ஆர்டன் போப், 1985 ஏப்ரல் முதல் 1988 பெப்ரவரி வரையான மாசு அளவுகளை மருத்துவமனைச் சேர்க்கைகளுடன் ஒப்பிட்டு 1989இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். ஆலை இயங்கிய 1985–86 குளிர்காலத்தில் ஒரு கன மீட்டர் வளியில் சராசரியாக 90 மைக்ரோகிராம் இருந்த பி.எம். 10, ஆலை மூடப்பட்டிருந்த அடுத்த குளிர்காலத்தில் 51 மைக்ரோகிராமாகக் குறைந்தது. மூடியிருந்த குளிர்காலத்தில் வளி ஒப்பீட்டளவில் அசைவற்றுத் தேங்கியிருந்தது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. வானிலை சாதகமாக இருந்ததால்தான் மாசு குறைந்தது என்று கூற இதனால் இடமில்லாமற் போயிற்று.

மூச்சுக்குழல் அழற்சி, ஈழை, நுரையீரல் அழற்சி முதலிய நோய்களுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை, ஆலை இயங்கிய குளிர்காலங்களில் மூடியிருந்த குளிர்காலத்தைவிட இரண்டு முதல் மூன்று மடங்காக இருந்தது. ஒரு நாளின் பி.எம். 10 அளவு 150 மைக்ரோகிராமைத் தாண்டிய மாதங்களில் வயது வந்தோரின் சேர்க்கை 44 விழுக்காடு கூடியது. மார்மன் சமயத்தவர் பெரும்பான்மையாக வாழும் இப்பகுதியில் புகை பிடிப்போர் மிகக் குறைவு. ஆகையால் நுரையீரல் ஆய்வுகளில் பொதுவாகக் குழப்பத்தை ஏற்படுத்தும் புகையிலையின் தாக்கமும் இங்கே சிறியதாகவே இருந்தது.

1992இல் போப் பிறருடன் சேர்ந்து வெளியிட்ட மற்றோர் ஆய்வு, ஐந்து நாள் சராசரி பி.எம். 10 அளவு 100 மைக்ரோகிராம் உயரும்போது நாளாந்த இறப்புகள் ஏறத்தாழ 16 விழுக்காடு கூடுவதாக மதிப்பிட்டது.

எதிர்ப்பும் வடிதாள்களும்

இம்முடிவுகள் எளிதில் ஏற்கப்படவில்லை. குழந்தைகளின் மூச்சுக்குழலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. எனும் தீநுண்மி ஓராண்டு விட்டு ஓராண்டு கடுமையாகப் பரவக்கூடியது என்றும், ஆலை மூடிய ஆண்டு தற்செயலாக அது குறைந்த ஆண்டாக அமைந்தது என்றும் சில ஆய்வாளர்கள் வாதிட்டனர். ஒரேயொரு மூடலை மட்டும் வைத்து முடிவு கூறும்போது இவ்வகை ஐயம் எழுவது நியாயமே.

இதற்கான விடையின் ஒரு பகுதி மாசு அளக்கும் கருவிகளின் வடிதாள்களிலிருந்து கிடைத்தது. மூடலுக்கு முந்திய ஆண்டு, மூடிய ஆண்டு, பிந்திய ஆண்டு ஆகியவற்றில் துகள் சேகரித்த வடிதாள்கள் பாதுகாத்து வைக்கப்பட்டிருந்தன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் அவற்றிலிருந்து எடுத்த சாற்றைத் தன்னார்வலர்களின் மூச்சுக்குழலில் சிறிதளவு செலுத்திப் பார்த்து, 2001இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரே அளவு சாறு செலுத்தப்பட்டும், ஆலை இயங்கிய ஆண்டுகளின் துகள்களே மிகுந்த அழற்சியை உண்டாக்கின. அவற்றில் இரும்பு, செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்கள் கூடுதலாக இருந்தன. அதாவது ஆலை நின்றபோது தூசியின் அளவு மட்டுமன்றி அதன் தன்மையும் மாறியிருந்தது. தீநுண்மி வாதத்தால் இதனை விளக்க இயலாது.

மூடல் காலத்தை ஒட்டிக் கருவுற்றிருந்த பெண்களிடையே குறைமாதப் பிறப்புகள் குறைந்திருந்ததாக 2008இல் வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது.

ஒத்த நிகழ்வுகள்

1967–68இல் ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் செம்பு உருக்கும் ஆலைகளில் எட்டு மாதங்களுக்கு மேல் நடந்த வேலைநிறுத்தத்தின்போது அம்மாநிலங்களின் இறப்பு வீதம் சுமார் 2.5 விழுக்காடு குறைந்ததாகப் பின்னர் கணிக்கப்பட்டது. அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1990 செப்டம்பரில் புகை மிகுந்த நிலக்கரியின் விற்பனை தடை செய்யப்பட்டதும் கரும்புகையின் அளவு ஏறத்தாழ 70 விழுக்காடு வீழ்ந்தது. டப்ளினில் நிகழ்ந்தது அரசின் சட்டத்தால். யூட்டாவில் நிகழ்ந்ததோ கூலிப் பேச்சு முறிந்ததால்.

பிற்காலம்

மறுதிறப்பிற்குப்பின் ஆலையின் பழைய திறந்த உலைகள் 1990களின் தொடக்கத்தில் அகற்றப்பட்டு, மாசு குறைந்த முறை புகுத்தப்பட்டது. ஆயினும் நட்டத்தில் ஆழ்ந்த ஆலை 2001 இறுதியில் உற்பத்தியை நிறுத்தியது. பின்னர் முற்றிலும் இடிக்கப்பட்டது. அந்நிலத்தில் இன்று வைன்யார்ட் நகரின் குடியிருப்புகள் எழுந்துள்ளன. குளிர்காலத் தலைகீழாக்கம் இப்போதும் பள்ளத்தாக்கை மூடுகின்றது. அதனடியில் தேங்கும் மாசின் பெரும்பகுதி இக்காலத்தில் வாகனப் புகையிலிருந்தும், வளியிலுள்ள வாயுக்கள் சேர்ந்து உருவாகும் அம்மோனியம் நைத்திரேற்றுத் துகள்களிலிருந்தும் வருகின்றது.