பறங்கிமலையிலிருந்து வெனிசுக்குச் சென்ற சித்திரங்கள்

தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்தொடர் வண்டி பறங்கிமலையை நெருங்கும்போது, மலைமீதுள்ள அன்னையின் ஆலயத்தை நோக்கி நம்மில் பலர் தலை தாழ்த்துகிறோம். அம்மலைப் பகுதியில் நிக்கோலா மனுச்சி என்னும் வெனிசு நகரத்தார் வாழ்ந்ததை நாம் வெகுகாலம் அறிந்திருக்கவில்லை.

1653இல், சிறுவனாக இருந்தபோதே ஒருவரிடமும் சொல்லாமல் கப்பலேறியவர் அவர். ஸ்மிர்னா, புர்சா, எர்சுரூம் எனத் துருக்கியைக் கடந்து, பாரசீகம் வழியாக 1656இல் சூரத் வந்து சேர்ந்தார். தாரா ஷிகோவின் படையில் பீரங்கி வீரர், பின்னர் வைத்தியர் (எங்கு கற்றார் என்று கேட்கலாகாது!). 1686இல் சென்னையில் ஒரு கத்தோலிக்கக் கைம்பெண்ணை மணந்து இங்கேயே தங்கினார்.

தாம் எழுதிய முகலாய வரலாற்றுக்கென அவர் ஓவியங்களும் வரைவித்தார். அரசர்களின் உருவங்களைத் தீட்டியவர் மீர் முகமது. தென்னாட்டுத் தெய்வங்களையும் திருமணங்களையும் ஊர்வலங்களையும் தீட்டியவர்கள் சோழமண்டலக் கரையின் ஓவியர்கள். இவர்களுடைய பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் கான்ஸ்டான்டிநோபிளில் பிரெஞ்சுத் தூதர் பெரியோல், வான்மூர் என்ற ஓவியரைக் கொண்டு துருக்கியரின் உடைகளையும் தொழில்களையும் நூறு படங்களாக வரையச் செய்தார். 1714இல் அவை பாரிசில் செப்புத்தகட்டு அச்சாக வெளிவந்தன. தகட்டில் உளியால் கீறி, கீறலில் மையூட்டி, ஈரத்தாளை வைத்து அழுத்தி எடுப்பது அம்முறை. ஒரு தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கான படிகள் எடுக்கலாம். வான்மூரின் பெயரும் அவற்றோடு ஐரோப்பா முழுவதும் பரவியது.

நம் நாட்டுத் தொழிலாளருக்கு அந்த வாய்ப்பு 1782இல் வந்தது. புதுச்சேரியில் வாழ்ந்த சொன்னரா தம் பயண நூலில் நெசவாளர், தச்சர், கொல்லர் முதலியோரைத் தகட்டுப் படங்களாக வெளியிட்டார். ஆயின் தகட்டைக் கீறியவர் பாரிசிலிருந்த பொய்சான். நம் நெசவாளரின் தோள்கள் கிரேக்கச் சிலையின் தோள்கள்போல் திரண்டிருப்பதில் வியப்பென்ன? தறியை நம்புகிறோம், முகத்தை நம்பத் தயங்குகிறோம். மனுச்சியின் ஓவியர்களோ தம் தெருவைத் தம் கண்ணால் கண்டு தீட்டியவர்கள்.

1705இல் இயேசு சபைக் குரு கத்ரூ, மனுச்சியின் கையெழுத்துப் படியைக் கொண்டு தாமே ஒரு நூல் வெளியிட்டார். தம் உழைப்பைப் பிறர் எடுத்துக்கொண்டதாக மனுச்சி கொதித்தார். மற்றொரு படியைக் கப்புச்சின் துறவி ஒருவர் வழியாக வெனிசு ஆட்சி மன்றத்துக்கு அனுப்பி முறையிட்டார். அரசர்களின் ஓவியத் தொகுதியை நெப்போலியன் காலத்தில் பாரிசுக்குக் கொண்டுசென்றனர். தென்னாட்டுத் தொகுதி இன்றும் வெனிசின் மார்சியானா நூலகத்தில், தீட்டியவர் பெயரின்றியே இருக்கிறது.