960 பிக்சலும் கரவனெல்லச் சந்தியும்

கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டிய வழியாக இறங்கிவரும் வீதி, அவிசாவளை - ஹட்டன் வீதியைத் தொடும் இடம் கரவனெல்ல. ஆதார வைத்தியசாலைக்கு வந்து திரும்புகிறவர்களும், சுற்றியுள்ள றப்பர், தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களும் அங்கே பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள். செய்தி பார்க்க அவர்கள் கையில் எடுப்பது போன். வலைப்பக்கம் அமைப்பவர்களின் கணக்கில் அதன் அகலம் ஏறத்தாழ 360 பிக்சல். அந்த 360க்குள் தமிழ் எழுத்து ஒழுங்காக வந்து உட்கார இருபது வருடங்கள் வரை ஆகிவிட்டன.

தொடக்கத்தில் வலைப்பக்கத்துக்கு நிலையான அகலம் கிடையாது. 1991இல் டிம் பெர்னர்ஸ் லீ வெளியிட்ட முதல் தளத்தில், ஜன்னலைச் சுருக்கினால் வரிகள் தாமாக மடங்கின, விரித்தால் நீண்டன. அச்சுத் தொழிலில் ஊறியவர்களுக்கு இது பொறுக்கவில்லை. தாங்கள் வைத்த படம் வைத்த இடத்திலேயே நிற்க வேண்டும் என்றார்கள். 1996இல் வலை வடிவமைப்பாளர் டேவிட் சீகல் எழுதிய புத்தகம் அதற்கு வழி சொன்னது: கண்ணுக்குத் தெரியாத அட்டவணைக் கட்டங்களும், ஒற்றைப் பிக்சல் படத்தை நீட்டி இடைவெளி நிரப்பும் உத்தியும். 800 பிக்சல் திரைக்கு 760, 1024 வந்ததும் 960 என்று அகலம் பூட்டப்பட்டது.

அகலத்தைப் பூட்டத் தமிழுக்கு இதைவிட வலுவான காரணம் இருந்தது. 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றியதிலிருந்து, எழுத்துருதான் முதல் தலைவலி. ஒரு தளத்தின் எழுத்துரு அடுத்த தளத்துக்கு உதவாது. அதை இறக்கி நிறுவாதவர் திரையில் தமிழுக்குப் பதில் ஐரோப்பியக் குறிகள் கொட்டிக் கிடக்கும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு தாம், தாப் குறியீடுகளை முன்வைத்தது. திஸ்கி என்ற இன்னொரு தமிழ்க் குறியீடும் தன் வழியில் வளர்ந்தது. ஆனாலும் தலைப்பாவது உருப்படியாகத் தெரியட்டும் என்று பலர் அதைப் படமாக்கி ஒட்டினார்கள். படம் மடங்காது. அதற்கேற்பப் பக்கமும் இறுகியது. அன்று அது சோம்பேறித்தனம் அல்ல. எழுத்தைக் காப்பாற்ற அவர்களுக்கு இருந்த வழி அதுதான்.

பொதுக் குறியீடான யூனிகோட் பரவியதும் அந்தக் காரணம் போய்விட்டது. பழக்கம் போகவில்லை. திரைக்குத் திரை பக்கம் மாறட்டும், அதுவே வலையின் இயல்பு என்று ஆஸ்திரேலியாவின் ஜான் ஆல்சாப் 2000 ஏப்ரலிலேயே எழுதியிருந்தும், 2007இல் ஐபோன் வரும்வரை பெரும்பாலோர் அதை ஒரு நிர்ப்பந்தமாக உணரவில்லை. 960 பிக்சல் பக்கத்தை 360க்குள் அடக்கினால் 16 பிக்சல் எழுத்து 6 ஆகச் சுருங்கும். அந்த அளவில் புள்ளி மறைகிறது. ‘ன’வும் ‘ண’வும் ஒன்றாகத் தெரிகின்றன. வாசகர் இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளித்தான் வாசிக்க வேண்டும்.

2010 மே மாதம் வலை வடிவமைப்பாளர் ஈதன் மார்கோட் நெகிழும் கட்டம், நெகிழும் படம், திரையின் அகலத்தைக் கேட்டறியும் விதி மூன்றையும் ஒன்றாக்கிக் காட்டினார். போனுக்குப் பொருந்தும் பக்கங்களுக்குத் தேடலில் முன்னுரிமை என்று 2015இல் கூகுள் சொன்ன பிறகு, தயங்கியவர்களும் மாறினார்கள்.

மாறியும் தமிழுக்கு ஒரு சிக்கல் மிஞ்சியது. அச்சில் ‘தோட்டத்தொழிலாளர்களுக்கான’ என்ற சொல்லை வரி முடியும் இடத்தில், எந்த எழுத்திலும், இணைப்புக் கோடு இல்லாமலே உடைப்பார்கள். உலாவியோ, சொல்லித்தராவிட்டால், சொல்லை முழுதாகக் கீழே தள்ளும். அங்கேயும் இடம் போதாவிட்டால் ஓரத்துக்கு வெளியே நீட்டிவிடும். ஆங்கிலத்துக்கு அளந்து செய்த பொத்தானுக்குள் ‘ஆட்களைப் பதிவு செய்யும் திணைக்களம்’ அடங்குவதில்லை. மும்மொழித் தளம் அமைப்பவர் தமிழை வைத்து முதலில் அளந்தால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும்.

எல்லாம் நெகிழ வேண்டும் என்பதும் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைக்கிறது. பழைய மலையக இதழொன்றின் எழுத்தும் விளம்பரமும் ஓரக் குறிப்பும் அச்சான இடத்திலேயே இருப்பதுதான் அதன் பெறுமதி. ஆவணத்துக்கு நிலையான பக்கம் தேவை.

அவசரத் தகவலுக்கு அது ஆகாது. 2016 மே மாத மழையில், கரவனெல்லவுக்கு அயலிலுள்ள புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்தில் மண்சரிவு லயக் காம்பராக்களை மூடியது, உயிர்கள் போயின. மண்சரிவு எச்சரிக்கை மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, எச்சரிக்கை நிலையைக் காட்டும் நிறம் என்று அட்டவணையாகத்தான் வருகிறது. எட்டியாந்தோட்டைக்கு மஞ்சளா சிவப்பா என்று தேடுகிறவருக்குப் பெரிதாக்கித் தள்ளிப் பார்க்க நேரமில்லை. இரவு மழையில் சிக்னலும் அரைகுறை. அட்டவணையைப் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ மட்டும் வெளியிடும் ஒவ்வொரு அலுவலகமும், அதே தகவலைப் போனில் மடங்கும் சாதாரணத் தமிழ் எழுத்தாகவும் தரவேண்டும்.