சென்னையின் நூலக வரியும் ஊவாவின் 33ஆம் பிரிவும்

1948இல் சென்னைச் சட்டமன்றம் பொது நூலகச் சட்டத்தை நிறைவேற்றியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். அதே ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றித் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் வென்ற ஏழு பேரில் எஸ்.எம். சுப்பையா பதுளையிலிருந்து பாராளுமன்றம் போனவர். 1952இல் அப்படிப் போக ஒருவரும் இல்லை. வாக்கில்லாதவர் கொடுக்கும் மனுவை எந்த எம்.பி. பிரித்துப் பார்ப்பார்? தோட்டத்தில் வாசிகசாலை இல்லாத கதையைப் படிப்பார்வமின்மையில் தொடங்குகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சென்னைக்கும் நூலகச் சட்டம் சும்மா கிடைத்துவிடவில்லை. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் பிறந்தது. 1930இல் காசியில் கூடிய ஆசியக் கல்வி மாநாட்டில் அவர் மாதிரி மசோதா ஒன்றையே முன்வைத்தார். பஷீர் அகமது சயீது அதைச் சென்னைச் சட்டமன்றத்துக்குக் கொண்டுபோனார், நிறைவேறவில்லை. இதற்கிடையில் 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகங்கள் ஊர் ஊராகப் போகத் தொடங்கியிருந்தன. கிராமத்தான் படிப்பானா என்று கேட்டவர்களுக்கு அந்த வண்டியைவிட நல்ல பதில் கிடையாது. கடைசியில் அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது சட்டம் வந்தது. பதினெட்டு வருட அலைச்சல்.

அந்தச் சட்டத்தின் உயிர், நூலக வரி என்ற ஏற்பாட்டில் இருக்கிறது. சொத்து வரியோடு சேர்த்து வாங்குகிறார்கள். இன்று ரூபாய்க்குப் பத்துக் காசு. வசூலித்த உள்ளாட்சிகள் பணத்தை நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்காமல் இழுத்தடிப்பது தமிழ்நாட்டில் பழைய புகார். ஆனாலும் அதைப் பாக்கி என்று சொல்லிக் கேட்க முடிகிறதே! சட்டம் இருப்பதால்தான் அது பாக்கி.

பதுளை அடங்கிய ஊவா மாகாணத்தில் நிலைமை வேறு. இலங்கையில் பொது நூலகம் உள்ளூராட்சிச் சட்டங்களுக்குள் ஓர் அதிகாரமாக இருக்கிறது; சபை விரும்பினால் நடத்தலாம். பதுளை, பண்டாரவளை போன்ற நகரங்களுக்கு அது போதும். தோட்டங்களுக்கோ அந்த வாசலும் அடைபட்டிருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்றார்கள். பசறையிலோ அல்துமுல்லையிலோ தோட்டத்து வாக்கில் வென்ற உறுப்பினர்கூடத் தன் தோட்டத்து ரோட்டுக்குச் சபைப் பணம் கேட்க முடியாத நிலை. சிவில் அமைப்புகளும் மலையகக் கட்சிகளும் வருடக்கணக்கில் வாதாடின. தமிழ் முற்போக்குக் கூட்டணி அரசாங்கத்தில் இருந்த 2018இல் பாராளுமன்றம் அந்தப் பிரிவைத் திருத்தியது.

இதைச் சென்னைச் சட்டத்தைவிடச் சிறிய வெற்றி என்று சொல்லமாட்டேன். சென்னைக்காரர் புதிதாக ஒன்றைக் கட்டினார்கள். இவர்கள் முதலில் ஒரு சுவரை இடிக்க வேண்டியிருந்தது. ஆனால் கிடைத்தது அனுமதி மட்டுமே, காசு இல்லை. 2014இல் மீரியாபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களை (தொழிலாளரின் வரிசை வீடுகளை) மூடியதைப் பார்த்த மக்களிடம் சபை முதலில் பாதையையும் தண்ணீரையும் பற்றித்தான் பேசும். அதில் பிழையில்லை. அதனால்தான் நூலகத்துக்கெனத் தனித் தலைப்பில் பணம் வேண்டும் என்கிறேன்.

சென்னை வழியை அப்படியே எடுத்துவரவும் முடியாது. லயத்து அறை தொழிலாளியின் சொத்து அல்ல. வீட்டு வரியோடு நூலக வரி என்றால் ஸ்பிரிங்வெலித் தோட்டத்திலிருந்து என்ன வரும்? பயிர்நிலங்களுக்கு ஏக்கர் வரி விதிக்கப் பிரதேச சபைச் சட்டமே இடம் தருகிறது. அதில் ஒரு பங்கை நூலகத்துக்கு ஒதுக்கி, குறைவதைத் திறைசேரி தரும்படி கேட்பது பொருத்தம். கட்டிடத்தைவிட மன்னார்குடி வண்டியே இங்கே உதவும். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு மாலையில் லயத்துக்குத் திரும்பும் பெண்ணுக்குப் பதுளை டவுன் எட்டாது; தமிழ்ப் புத்தகங்களோடு ஒரு வேன் தொழிலாளர் கூடும் பிரட்டுக்களத்துக்கு வந்தால் எட்டும்.

யாரிடம் கேட்பது? ஊவா மாகாண சபையின் காலம் 2019இல் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. ஆகவே பாராளுமன்றந்தான். 2024இல் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேலும் கிட்ணன் செல்வராஜும் அங்கே போயிருக்கிறார்கள். பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கு மனு கொடுக்கவும் ஓர் எம்.பி. வழியாகவே போக வேண்டும். பதுளையின் ஆசிரியர்களே, சங்கத்துக்காரர்களே, வாசிப்பின் பெருமையைப் பேசும் மகஜரோடு நிற்காதீர்கள். எந்தச் சட்டத்தில் எந்த வாசகம் சேர வேண்டும், பணம் எங்கிருந்து வர வேண்டும் என்று எழுதி, கையெழுத்துகளோடு அவர்கள் கையில் கொடுங்கள்.